ஊசி உடம்பை ஏற்றும், மனதை என்ன செய்யும்?

கேள்வி: எனக்கு வயது 27. மனச்சோர்வுக்கு எட்டு மாதமாக எஸ்சிடலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறேன். ஜிம் மாஸ்டர் 12 வாரத்துக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் டயனபால் மாத்திரையும் எடுக்கச் சொல்கிறார். அதுவரை மன மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். செய்யலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். ஊசியும் டயனபாலும் வேண்டாம், மன மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

எஸ்சிடலோபிராமைத் திடீரென விட்டால் சில நாளிலேயே தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடித்ததுபோல ஒரு வெட்டு எல்லாம் வரலாம். பழைய சோர்வும் திரும்பலாம். குறைப்பதென்றால் மனநல மருத்துவர் சொல்படி, வாரக்கணக்கில், படிப்படியாகத்தான்.

இரண்டையும் சேர்த்து எடுத்தால்? 1974இல் மனச்சோர்வுள்ள ஐந்து ஆண்களுக்கு இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தோடு மீதைல் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு பேருக்கு, யாரோ தங்களுக்குத் தீங்கு செய்கிறார்கள் என்ற பிரமை வந்தது; ஹார்மோனை நிறுத்தியதும் அடங்கியது. உங்கள் மாத்திரை வேறு வகைதான். ஆனாலும் ஸ்டீராய்டு (டெஸ்டோஸ்டிரோன், டயனபால் இரண்டும் இந்த வகைதான்) தனியாகவே மனதைக் கலைக்கும். 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் 600 மி.கி. வரை டெஸ்டோஸ்டிரோன் போட்ட 50 ஆண்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. 6 பேருக்கு லேசாகவும் 2 பேருக்குக் கடுமையாகவும் மனஎழுச்சி, அதாவது அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும், வந்தது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. குடும்பத்தில் இருமுனைக் கோளாறு (மனஎழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருந்தால் ஆபத்து கூடுதல்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது 12 வாரம் முடிந்த பிறகு வரும் காலம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால் விரை தன் உற்பத்தியை நிறுத்திவிடும். ஊசி தீர்ந்ததும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் கிடக்கும். சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைதூக்குவது அப்போதுதான். மன மாத்திரையும் கையில் இல்லாத நேரம் அது!

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? மருந்தின் பெயர், மி.கி., தேதி மூன்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டிலையே எடுத்துப் போங்கள். லேபிளில் இருப்பதே உள்ளே இருக்கும் என்ற உறுதியில்லை. ரத்த அழுத்தம், ஈசிஜி, கொழுப்பு, ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்க வேண்டும். ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் உறையும் பயம் உண்டு. டயனபால் கல்லீரலைப் படுத்தும். ஆனால் கல்லீரலைச் சோதிக்கப் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவுகள் பளு தூக்கினாலே ஏறும் என்பதால் ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு, ஜிஜிடி (கல்லீரலுக்கு), சிகே (தசைக்கு) பரிசோதனைகளையும் சேர்த்து எடுங்கள்.

மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல் பரபரவென்று இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416 (டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண்) அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.