கசிவு நின்ற பிறகும் ஏன் மாத்திரை? மூளை ரத்தக்கசிவும் நைமோடிபினும்

கேள்வி: என் தந்தையாருக்கு மூளையில் ரத்தக்குழாய் வீக்கம் வெடித்து, உடனே கிளிப் பொருத்திவிட்டார்கள். நன்றாகப் பேசுகிறார். ஆனாலும் இரண்டு வாரம் ஐசியுவில் இருக்க வேண்டும் என்கிறார்களே?

பதில்: கிளிப் மீண்டும் கசியாமல் தடுக்கிறது, ஏற்கெனவே கசிந்த ரத்தத்தை அது அகற்றுவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் தமனிகளைச் சூழ்ந்து உறைந்திருக்கும் அந்த ரத்தம் சிதையும்போது வெளிப்படும் ஹீமோகுளோபின், குழாய்ச் சுவரைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் கவர்ந்துகொள்வதால் தமனிகள் இறுகி, மூளைக்குச் செல்லும் ரத்தம் குறையக்கூடும். பெரும்பாலும் 3 அல்லது 4ஆம் நாளில் தொடங்கி, 7 முதல் 10ஆம் நாளுக்குள் உச்சமடைந்து, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இந்த இறுக்கம் தணியும். நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று அரைத்தூக்கத்தில் இருந்தாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ செவிலியரிடம் அப்போதே சொல்லுங்கள். இம்மாற்றத்தை முதலில் கவனிப்பவர் பல வேளைகளில் உடனிருக்கும் உறவினரே.

கேள்வி: நைமோடிபின் ரத்த அழுத்த மாத்திரை வகை என்கிறார்கள். அம்மாவுக்கு அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது. நள்ளிரவிலும் எழுப்பிக் கொடுக்கிறார்கள். நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரைக்கு உறவான மருந்துதான். ஆயினும் இங்கே அது அழுத்தத்தைக் குறைப்பதற்காக அல்ல, கசிவுக்குப் பிறகு மூளைத்திசு இறப்பதைத் தடுப்பதற்காகத் தரப்படுகிறது. உடலில் விரைவாகச் சிதைந்துவிடுவதால் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 60 மி.கி. என்று இரவு பகல் பாராமல் 21 நாள் கொடுப்பதே வழக்கம். அழுத்தம் சரிந்தால், முழுதும் நிறுத்துவதற்கு முன்னால், 2 மணி நேரத்துக்கு ஒரு முறை 30 மி.கி. என்று பிரித்துக் கொடுத்துப் பார்ப்போம். விழுங்க இயலாதவர்களுக்கு மூக்குவழிக் குழாயில் செலுத்தலாம். கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் திரவத்தைத் தவறுதலாக ரத்தக்குழாயில் ஏற்றியதால் உயிரிழப்புகள் நேர்ந்து, 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை இதற்கு விதித்தது. ரத்தக்குழாயில் ஏற்றுவதற்கென்றே தயாராகும் நைமோடிபின் ஊசிமருந்து வேறு.

கேள்வி: மாத்திரை தொடங்கி எட்டு நாளாகியும் ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்ப் படத்தில்) தமனிச் சுருக்கம் தெரிகிறது. மருந்து தோற்றுவிட்டதா?

பதில்: இது மருத்துவர்களையே நெடுங்காலம் குழப்பிய கேள்வி. 1989இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 554 நோயாளிகள் பங்கேற்றனர். மூளைத்திசு இறப்பு, மருந்து பெறாதோரில் 33 சதவீதமாகவும் பெற்றோரில் 22 சதவீதமாகவும் இருந்தது. ஆனால் நைமோடிபின் ஆய்வுகளின் ஆஞ்சியோ படங்களில் சுருக்கம் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. இதற்கு நேர்மாறானது கிளாசோசென்டன்: படத்தில் சுருக்கத்தை நன்றாகக் குறைத்த அம்மருந்தால், 2011இல் வெளியான பெரிய ஆய்வில் நோயாளிகளின் நிலையைக் கணிசமாக மேம்படுத்த முடியவில்லை. (ஜப்பான் மட்டும் தன் நாட்டு ஆய்வுகளின் அடிப்படையில் 2022இல் அதற்கு அனுமதி அளித்தது.) ஆகவே நைமோடிபின் ஆஞ்சியோவில் தெரியாத நுண்குழாய்களிலும், கால்சியம் புகுந்து நரம்பணுக்கள் மடிவதைத் தடுப்பதிலும் பயன்படுகிறது என்று கருதப்படுகிறது. என்னைப் பொறுத்தவரை, படத்தைவிட நோயாளியின் விழிப்பும் கைகால் அசைவுமே நம்பத்தக்க அளவுகோல்.

கேள்வி: மெக்னீசியமும் கொழுப்பு மாத்திரையும் உதவுமாமே?

பதில்: இல்லை. மெக்னீசியம் 2012இலும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்தான சிம்வாஸ்டாடின் 2014இலும் பெரிய ஆய்வுகளில் பலன் தரவில்லை. இதயத்துக்காக ஸ்டாடின் உட்கொள்பவர் அதைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

கேள்வி: நைமோடிபினையும் மீறிக் கை விழுந்துவிட்டால்?

பதில்: வீக்கம் அடைக்கப்பட்டிருந்தால், ரத்த அழுத்தத்தை மருந்தால் உயர்த்திக் குறுகிய குழாய் வழியே ரத்தத்தைச் செலுத்த முயல்வோம். முன்பு திரவத்தையும் மிகுதியாக ஏற்றினார்கள். நுரையீரலில் நீர் கோத்ததுதான் மிச்சம் என்பதால், இப்போது உடல்நீரை இயல்பளவில் வைத்திருப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கும் இணங்காவிட்டால், மெல்லிய குழாயைத் தமனிவரை கொண்டுசென்று வெரபமில், நிகார்டிபின், மில்ரினோன் போன்ற, குழாயைத் தளர்த்தும் மருந்துகளை நேரடியாகச் செலுத்தலாம். அப்பலன் சில மணி நேரத்தில் மங்கக்கூடும். பெரிய தமனியானால் பலூன் விரிப்பு நீடித்து நிற்கும்.

கேள்வி: பதினைந்தாம் நாளே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மீதி மாத்திரை?

பதில்: மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், 21 நாள் கணக்கை வீட்டிலும் அலாரம் வைத்து முடியுங்கள். கிரேப்ஃப்ரூட் சாறு இம்மருந்தின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும், கிளாரித்ரோமைசினும் அப்படியே. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் அதைக் குறைத்துவிடும். எனவே வேறு எதற்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும் மருந்துச் சீட்டை முதலில் காட்டுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.