கணினியில் இசை ஒலிகளை உருவாக்கும் மென்பொருள் சிந்தசைசருக்குக் காசு கொடுத்து அப்கிரேட் செய்வது தகுமா?

பழைய வெர்ஷன் சிக்கலின்றி ஓடுகிறது, வேண்டிய ஒலியும் கிடைக்கிறது என்றால் வேண்டாம். புது பிரீசெட்டுகளுக்காக (ஆயத்த ஒலி அமைப்புகள்) மட்டும் வாங்குவது வீண்.

அப்கிரேட் செய்யும் கட்டாயம் பெரும்பாலும் பிளகின் ஃபார்மட்டால் வருகிறது, அதாவது சிந்தசைசர் இசைப்பதிவு மென்பொருளுக்குள் இயங்கும் வடிவத்தால். விஎஸ்டி ஃபார்மட்டை உருவாக்கிய ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம், 2018-இல் அதன் பழைய பதிப்பான விஎஸ்டி2-க்குப் புதிய உரிமம் தருவதை நிறுத்தியது. புதிய பதிப்பான விஎஸ்டி3-ஐ மட்டும் ஏற்கும் இசைப்பதிவு மென்பொருளுக்கு மாறினால் பழைய விஎஸ்டி2 பிளகின் பட்டியலிலேயே வராது. அப்போது அப்கிரேடுக்கு மதிப்பு உண்டு.

வாங்கும் முன் டெமோவை நிறுவுங்கள். பஃபரை (ஒலியைக் கணக்கிட கணினிக்குத் தரும் சிறு அவகாசம்) 128 சாம்பிளில் வைத்து, கனமான பேட்ச் (ஒலி அமைப்பு) ஒன்றில் எட்டு சுரங்களைச் சேர்த்து அழுத்தி சிபியு மீட்டரைப் பாருங்கள். ஓவர்சாம்பிளிங் (ஒலியை உயர்ந்த சாம்பிள் வீதத்தில் கணக்கிடுவது) கூடியிருந்தால் மீட்டர் எகிறும். பழைய பிரீசெட்டுகள் திறக்கின்றனவா என்பதையும் சோதியுங்கள். எடுத்துக்காட்டாக, மாசிவ் எக்ஸ் என்ற சிந்தசைசர், தன் முன்னோடியான மாசிவின் பிரீசெட்டுகளை ஏற்காது. புது வெர்ஷன் தனி பிளகினாக வந்தால் பழையதை நீக்காதீர்கள், பழைய ப்ராஜெக்டுகள் அதைத்தான் தேடும். பழையதன் மேலேயே பதிந்தால், அதற்கு முன் டிராக்குகளை வேவ் கோப்புகளாக பவுன்ஸ் செய்து (ஒலியாகவே பதிந்து) வைத்துக்கொள்ளுங்கள். ஒலி சற்றே மாறினாலும் மிக்ஸ் கெடும்.

எல்லாரும் காசு கேட்பதில்லை: 2025-இல் வந்த செரம் 2 சிந்தசைசர், செரமின் பழைய உரிமதாரர்களுக்கு இலவசம். வேவ்டேபிள் ஒலிதான் (சேமித்த அலைவடிவங்களை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றி உருவாக்குவது) தேவை என்றால் முதலில் வைட்டல் சிந்தசைசரின் இலவசப் பதிப்பையும் சர்ஜ் எக்ஸ்டியையும் போட்டுப் பாருங்கள்.