குடும்பத்தோடு காட்டுப் பூங்காவில் ஓர் இரவு: வேலூர்க்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணியம்பாடிப் பக்கம் குடியிருக்கிறேன். முழு ஆண்டுத் தேர்வு முடிகிற நேரம். பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம், டென்ட்டில் தங்கலாமா என்று எல்லா ஊரிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (சத்துவாச்சாரி): சார், அமிர்தியில் டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்க முடியுமா? பசங்க ரெண்டு பேர். ஒருத்தனுக்கு ஏழு வயசு, இன்னொருத்தனுக்குப் பதினொண்ணு.

பதில்: முடியாதம்மா. அமிர்தி காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற இடம். 1967-ல் தொடங்கிய பூங்கா, 25 ஹெக்டேர், வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர்தான். புள்ளிமான், மயில், முதலை பார்க்கலாம். ஒரு கிலோமீட்டர் நடந்தால் அருவி. மழை பெய்து ஓய்ந்த மாதங்களில் போனால்தான் அதில் தண்ணீர் இருக்கும். சுற்றியிருப்பது காப்புக்காடு. அனுமதியில்லாமல் அதற்குள் கால் வைத்தாலே 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம்.

பசங்களுக்கு டென்ட் ஆசை இருந்தால் நான் சொல்வது பெங்களூரை ஒட்டிய பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் அங்கே முகாம் நடத்துகிறது. தங்கல், சாப்பாடு, சஃபாரி எல்லாம் ஒரே பேக்கேஜில் வந்துவிடும். டென்ட் என்றால் நாம் தூக்கிக்கொண்டு போய் அடிப்பது இல்லை. மேடை கட்டி, கட்டில் போட்டு, பாத்ரூமும் வைத்த டென்ட். முதல் தடவை போகிற குடும்பத்துக்கு அதுதான் சரி.

வேலூரிலிருந்து 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெங்களூருக்குள் நுழையவே நுழையாதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி. அங்கே திரும்பி ஆனேக்கல், ஜிகணி வழியாகப் பன்னேர்கட்டா. ஊருக்குள் சிக்கினால் அரைநாள் சிக்னலிலேயே போய்விடும். பிள்ளைகள் வாந்தி எடுத்து, சஃபாரி பஸ்ஸில் ஏறும்போது தூங்கி வழிவார்கள்.

செவ்வாய்க்கிழமை பூங்கா விடுமுறை. அதனால் திங்கள் இரவுக்கு அறை போடாதீர்கள், மறுநாள் காலை பார்க்க ஒன்றும் இருக்காது. புதன், வியாழன் போனால் கூட்டம் குறைவு. முதல் நாள் சஃபாரி, மறுநாள் காலை நடந்து பார்க்கிற பகுதியும் பட்டாம்பூச்சிப் பூங்காவும். அதோடு திரும்பிவிடுங்கள். லால்பாக், மால் என்று எதையும் சேர்க்காதீர்கள்.

சஃபாரியில் எல்லோரும் புலிக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பசங்களுக்கு நீங்கள் கரடியைக் காட்டுங்கள். ஒரு காலத்தில் மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்துத் தெருத்தெருவாக ஆட வைத்த கரடிகளை மீட்டுக் கொண்டுவந்து வைத்த இடம் பன்னேர்கட்டா. உங்கள் மாமனார், மாமியார் கரடி வித்தை பார்த்த தலைமுறை. அவர்களையும் கூட்டிப் போனால், பஸ்ஸில் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை எல்லோருக்கும் சொல்கிறேன்: டென்ட்டுக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள். பிஸ்கட், முறுக்கு, பழம் எதுவும் கூடாது. குரங்கு ஜிப்பைத் திறந்து உள்ளே வரும்.

கேள்வி (காட்பாடி): கார் இல்லை. ரயிலில் போகலாமா?

பதில்: தாராளமாக. காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு நாள் முழுக்க வண்டி இருக்கிறது. மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து 365 வரிசை பஸ் பன்னேர்கட்டா போகும். கைக்குழந்தை இருந்தால் மட்டும் இந்த வழி வேண்டாம்.

கேள்வி (ராணிப்பேட்டை): போகிற வழியில் ஆம்பூரில் பிரியாணி பார்சல் வாங்கிக்கொண்டு போய் ராத்திரி டென்ட்டில் சாப்பிடலாம் என்று திட்டம். வெளிச்சாப்பாடு அனுமதிப்பார்களா?

பதில்: ஆம்பூரிலேயே இறங்கிச் சாப்பிட்டுவிடுங்கள் ஐயா. சூடாக, கத்தரிக்காய் தொக்கோடு சாப்பிட்டால்தான் அது பிரியாணி. முகாமில் இரவுச் சாப்பாடு கொடுத்துவிடுவார்கள். இறைச்சி வாசனையோடு பொட்டலத்தை டென்ட்டில் வைத்தால் நாய், கீரி, குரங்கு, பன்றி என்று வரிசையாக வரும். மிச்சம் மீதி, தாள், எலும்பு எதுவானாலும் கார் டிக்கியில் போட்டுப் பூட்டுங்கள்.

கேள்வி (ஆரணி): அமிர்தியில் இரவு தங்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பதில்: அங்கே இரவு தங்கல் கிடையாது. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (போளூர்): குரங்கு குரங்கு என்று அதைத் திருடன் மாதிரி எழுதுகிறீர்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து ஏலகிரி ஏறும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் போவோம். ஆஞ்சநேயருக்குச் செய்கிற மாதிரி. வாயில்லா ஜீவனுக்குச் சோறு போடுவது பாவமா?

பதில்: ஐயா, உங்கள் மனசு நல்ல மனசு. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நீங்கள் போட்டுவிட்டு மேலே போய்விடுகிறீர்கள். அதற்கப்புறம் அந்த வளைவில் என்ன நடக்கிறது என்று நின்று பார்த்தவன் நான்.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. பழம் விழுகிற வளைவில் கூட்டம் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடும். நம் ஊர் நாட்டுக்குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு. கிடைத்ததை மெல்லாமல் அதில் அடைத்துக்கொண்டு, மரத்துக்குப் போய்ப் பொறுமையாகத் தின்னும். அதனால் பழம் விழுந்ததும் பெரிய கடுவன் முதலில் ஓடிவந்து இரண்டு கன்னமும் புடைக்க அள்ளிக்கொள்ளும். வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்ட தாய்க்குரங்குக்கு ஓரத்தில் விழுந்த தோல்தான் மிச்சம். அந்தத் தோலை எடுக்க அது தார் ரோட்டின் நடுவுக்கு வரும். அப்போது வளைவில் இறங்குகிற வண்டிக்கு அது கண்ணில் படாது. குட்டியோடு செத்துக் கிடந்ததை ஓரமாக எடுத்துப் போட்டிருக்கிறேன்.

பூங்காவுக்குள் என்றால் சட்டமே இருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 38-ஜே பிரிவு. பூங்கா விலங்கைச் சீண்டுவதும் குற்றம், தீனி போடுவதும் குற்றம்.

கேள்வி (வாலாஜா): போளூர் நண்பர் சொல்வதுதான் சரி. காட்டில் பழமே இல்லை, அதனால்தான் ரோட்டுக்கு வருகின்றன. பசியில் கை நீட்டுகிற உயிரைத் துரத்தச் சொல்கிறீர்களா?

பதில்: துரத்தச் சொல்லவில்லை. போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டும் வேறு.

காட்டில் ஒன்றும் இல்லை என்பது நம் மலைகளுக்குப் பொருந்தாது. ஆல், அத்தி, இச்சி, நாவல் என்று ஏதாவது ஒன்று காய்த்துக்கொண்டே இருக்கும். பழம் இல்லாத மாதத்தில் தளிர், பூ, பூச்சி, வெட்டுக்கிளி. நாளின் பெரும் பகுதியைக் குரங்கு தேடித் தின்பதிலேயே கழிக்கும். அப்படித் தின்று, கொட்டையை வேறு இடத்தில் துப்பிவிட்டுப் போவதால்தான் அங்கே புது மரம் முளைக்கிறது. ரோட்டில் உட்கார்ந்தே வயிறு நிறைந்தால் அந்த வேலை நடக்காது. குட்டிகளும் மரம் ஏறித் தேடக் கற்றுக்கொள்ளாது. நீங்கள் தர்மம் செய்ய நினைத்தால், உங்கள் நிலத்து வரப்பில் ஒரு அத்திக்கன்று வையுங்கள். குரங்கு மட்டுமில்லை, கிளி, குயில், வௌவால் எல்லாம் அதில் சாப்பிடும்.

கேள்வி (திருப்பத்தூர்): என் மகள் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கும்போது குரங்கு நகத்தால் கீறிவிட்டது. லேசான கீறல்தான், மஞ்சள் வைத்து விட்டுவிட்டோம். போளூர், வாலாஜா அண்ணன்கள் இதையும் யோசிக்கட்டும்.

பதில்: தாயே, மஞ்சளோடு விடாதீர்கள். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நாள் தள்ளிப்போயிருந்தாலும் போக வேண்டும். குரங்கு கடித்தாலும் கீறினாலும் வெறிநாய்க் கடி தடுப்பூசிதான் போடுவார்கள். அந்த நோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து இல்லை. இனி யாருக்கு நடந்தாலும் முதல் வேலை, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுவது. கட்டுப் போடாதீர்கள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் தடவாதீர்கள்.

கேள்வி (போளூர்): கீறியது கெட்ட பழக்கம் பிடித்த ஒரு குரங்கு. எல்லாக் குரங்கையும் அதோடு சேர்க்கக் கூடாது.

பதில்: அந்தப் பழக்கத்தைப் பிடிக்க வைத்தது நம் கை ஐயா. பாக்கெட் சலசலக்கிற சத்தம் கேட்டால் சோறு என்று அதற்கு நாம் சொல்லிக் கொடுத்துவிட்டோம். இனி அது குழந்தையின் கையா பெரியவர் கையா என்று பார்க்காது. ஊரார் புகார் கொடுத்தால் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுவார்கள். புது இடத்தில் வேறு கூட்டம் அதைச் சேர்க்காது. அடிபட்டுச் சாகிறதும் உண்டு. நீங்கள் போட்ட பழத்தில் தொடங்கியது அங்கே போய் முடிகிறது.

இதைப் பற்றி இன்னும் நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் இதுதான், மாறாது. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (அணைக்கட்டு): அமிர்தியில் குடும்பத்தோடு கேம்ப்…

பதில்: இல்லை.

கேள்வி (பேர்ணாம்பட்டு): எங்கள் பக்கமே யானை வருகிறது. நாங்கள் எதற்குப் பன்னேர்கட்டா போக வேண்டும்? மோர்தானா அணைப் பக்கம் நாலு குடும்பம் சேர்ந்து டென்ட் போட்டால் இலவசமாகவே பார்க்கலாமே?

பதில்: தம்பி, தயவுசெய்து போடாதீர்கள். 1980-களில் ஓசூர்ப் பக்கக் காடுகளிலிருந்து கிழக்கே நகர்ந்த யானைகள்தான் உங்கள் எல்லையை ஒட்டிய ஆந்திரக் காட்டில் தங்கின. அதற்காகவே 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் வந்தது. அவை தண்ணீருக்கு இறங்குகிற பாதையும் நீங்கள் டென்ட் போட நினைக்கிற சமதளமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். யானை இருட்டில் சத்தமே இல்லாமல் நடக்கும். பக்கத்தில் வந்தபின்தான் தெரியும். வாழைப்பழம், வெல்லம், உப்பு எது இருந்தாலும் தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்துவிடும். நிலத்தில் ராக் காவல் இருக்கிற உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

கேள்வி (வேலூர், கொசப்பேட்டை): ஜவ்வாது மலையில் தனியார் ஒருவர் டென்ட், கேம்ப்ஃபயர், நைட் ட்ரெக்கிங் எல்லாம் சேர்த்து அழைக்கிறார். போகலாமா?

பதில்: ஒன்று கேளுங்கள்: டென்ட் நிற்கிற இடம் பட்டா நிலமா, காப்புக்காடா? பட்டா என்றால் தங்கலாம். நைட் ட்ரெக்கிங் என்றாலே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேம்ப்ஃபயர் பிப்ரவரியிலிருந்து மே வரை எங்குமே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் பலர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், மனிதனால் அதை முந்த முடியாது. அதற்குப் பிறகுதான் அனுமதி விதிகள் இறுகின. நடக்க ஆசை என்றால் அரசே 2024-ல் தொடங்கிய மலையேற்றத் திட்டம் இருக்கிறது. அதில் ஏலகிரி சுவாமிமலைப் பாதையும் உண்டு. வழிகாட்டியோடு பகலில் போய்வாருங்கள்.

ஜவ்வாது மலையில் இரவு அழகு வேண்டுமென்றால் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. சனிக்கிழமை பொதுமக்களை அனுமதிக்கிற வழக்கம் உண்டு, போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள வைனு பாப்பு தொலைநோக்கி அங்கேதான்.

கேள்வி (குடியாத்தம்): டென்ட்டில் பாம்பு வருமா? மனைவி அதனாலேயே வர மறுக்கிறாள்.

பதில்: அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வழியும் இருக்கிறது. இரவில் கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கடித்தது தெரியாமலே போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண் இமை சொருகுதல் என்று தொடங்கும். அப்படி எவருக்கு வந்தாலும் பாம்புக்கடி என்றே நினைத்து ஓடுங்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். அமிர்திப் பக்கமிருந்து வந்தால் வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து இலவசம்.

முகாமில் கட்டிலில் படுங்கள். தரையோடு தைத்த டென்ட்டாக இருக்க வேண்டும், ஜிப் எப்போதும் மூடியிருக்க வேண்டும். பாத்ரூம் போக டார்ச் இல்லாமல் ஓரடி வைக்கக் கூடாது. காலையில் செருப்பு, ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். தின்பண்டம் சிந்தினால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். நான் ஏன் சாப்பாட்டையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கேள்வி (ஆற்காடு): ட்ரோன் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது.

கேள்வி (வேலூர், தோட்டப்பாளையம்): டிசம்பரில் பன்னேர்கட்டா போனால் ஸ்வெட்டர் வேண்டுமா?

பதில்: கட்டாயம். நம் வேலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்துக் குளிர் காதில்தான் முதலில் ஏறும். குல்லா எடுத்துப் போங்கள்.

கேள்வி (கணியம்பாடி): போன தடவை மலைப்பக்கம் தங்கிவிட்டு வந்து பத்து நாளில் பையனுக்குக் காய்ச்சல். டைபாய்டு இல்லை, டெங்கு இல்லை என்றார்கள். கடைசியில் உண்ணிக் காய்ச்சல். மறுபடி போகப் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாமல் போங்கள், ஆனால் புதரில் உட்காராதீர்கள். இது கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. வேலூர் வட்டாரத்தில் மழை முடிந்து குளிர் பிடிக்கிற மாதங்களில் அதிகம். நம் சி.எம்.சி. மருத்துவர்கள் நிறைய ஆராய்ந்த நோய். முழுக்கை சட்டை, முழுக்கால் சட்டை போடுங்கள். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். துணியைப் புல்லில் காயப்போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்க வையுங்கள்.

ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாருங்கள். சுட்ட புண் மாதிரி கருப்பாகப் பொருக்குத் தட்டிய ஒரு இடம் இருக்கலாம், வலிக்காது, பிள்ளை சொல்லாது. டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக 'காட்டுப்பக்கம் தங்கினோம்' என்று சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். தள்ளிப்போட்டால்தான் நுரையீரல், மூளை வரை போகும். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.