தேசிங்கு ராஜன் கதைப்பாடல் உண்மையில் நடந்ததா?

பாதி நடந்தது. தேசிங்கு என்பவர் தேஜ்சிங், புந்தேல ராஜபுத்திரர். தந்தை சொரூப்சிங் இறந்ததும் செஞ்சிக் கோட்டை இவர் கைக்கு வந்தது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார், இவர் மறுத்தார். 1714 அக்டோபரில் போர்க்களத்திலேயே இறந்துபோனார். ஓராண்டுகூட ஆளவில்லை.

மற்றதெல்லாம் பாட்டுக்காரர்கள் கைவரிசை. டில்லியில் யாருக்கும் அடங்காத குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்குவது, கடைசியில் வாளை மேலே எறிந்து அதை மார்பில் ஏந்திச் சாவது எல்லாம் அவர்கள் சேர்த்த சரக்குதான். எனக்குப் பிடித்த இடம் வேறு. மணக்கோலத்தில் இருக்கும் நண்பன் மோவுத்துக்கான், போர்ச் செய்தி வந்ததும் கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டுக் குதிரையேறுகிறான். இவனும் முஸ்லிம், எதிரே நிற்பதும் முஸ்லிம் நவாப்தான். பாட்டு அதைப் பெரிதாக்குவதே இல்லை. பிற்பாடு இந்தக் கதை 'பெரிய எழுத்து' என்ற மலிவுப் பதிப்புப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்றது.