பழைய காரில் ஏசி குளிரவில்லை: கேஸ் ஏற்றினால் போதுமா, ஆர்-134ஏவுக்கு மாற்ற வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சொன்னது இது: 1991 மாடல் கார். போன வருடம் கேஸ் ஏற்றியும் இரண்டே மாதத்தில் குளிர் போய்விட்டது. பானட்டைத் திறந்தால் உள்ள ஸ்டிக்கரில், அந்தக் காலத்து ஏசி கேஸான ஆர்-12 என்று போட்டிருக்கிறது. அதற்குப் பின் வந்த கேஸ் ஆர்-134ஏ. ஒரு மெக்கானிக் "அதன் மேலேயே 134ஏ ஏற்றிடலாம்" என்கிறார். இன்னொருவர் "கம்ப்ரசரிலிருந்து எல்லாத்தையும் மாத்தணும்" என்கிறார். யாரை நம்புவது?

முதல் ஆளை நம்ப வேண்டாம். இரண்டாம் ஆள் சொல்வதில் பாதிதான் தேவைப்படும். ஆனால் இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: ஏற்றிய கேஸ் எங்கே போனது?

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. காரில், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரைப் பெல்ட் சுற்றுவதால் அதன் தண்டு சீல் வழியாகவும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கசியும், அது இயல்பு. ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் குறைந்தால் கவலைப்பட வேண்டாம். இரண்டு மாதத்தில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் எந்தக் கேஸை ஏற்றினாலும் காற்றில் விடுவதற்குத்தான் காசு கொடுக்கிறோம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதையே மூன்று முறை செய்திருக்கிறேன். என்னிடம் அதே காலத்து கார் ஒன்று பல வருடம் இருந்தது, ஆர்-12 போட்டதுதான். முதல் வருடம் கேஸ் ஏற்றினேன், பனிக்கட்டி மாதிரி குளிர்ந்தது, சில வாரத்தில் வெறும் காற்று. அடுத்த வருடமும் அதே கதை. மூன்றாவது முறை போன இடத்தில் ஆர்-12 கிடைக்கவில்லை என்று சொல்லி, உள்ளே மிச்சமிருந்ததன் மேலேயே 134ஏவை ஏற்றி அனுப்பினார்கள். உள்ளிருக்கும் காற்றைப் பம்ப் வைத்து இழுக்கும் வேக்யூம் இல்லை, ஆயில் மாற்றவில்லை. நாலு மாதத்தில் கம்ப்ரசர் ஜாம். பெல்ட் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஏன் ஜாம் ஆனது என்பது பிறகுதான் புரிந்தது. கம்ப்ரசருக்குத் தனியாக ஆயில் பம்ப் சுற்று கிடையாது. கேஸோடு கலந்து ஓடிவரும் ஆயில்தான் அதை நனைக்கிறது. ஆர்-12 சிஸ்டத்தில் இருப்பது மினரல் ஆயில். ஆர்-12 அதைக் கரைத்துச் சுமந்துகொண்டு போகும். 134ஏ மினரல் ஆயிலோடு கலக்காது. ஆயில், டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலின் அடியில் போய்த் தேங்கிவிடும், கம்ப்ரசர் உலர்ந்து ஓடும். ஆரம்பத்தில் நன்றாகவே குளிரும், அதுதான் ஆபத்து. நமக்குச் சந்தேகமே வராது.

சரி, ஓட்டையை எங்கே தேடுவது? முதலில் கண்ணால். கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கூடவே வரும், அதன் மேல் தூசி ஒட்டிக் கருப்பாக இருக்கும். குழாய் இணைப்புகள், கம்ப்ரசரின் முன்பக்கம் கிளட்சுக்குப் பின்னால், கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் அடிப்பகுதி, இவற்றையெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ் ஏற்றுகிற போர்ட்டின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ஊசி வால்வில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். என் காரில் பாதிக் கசிவு அந்தச் சின்ன வால்வில்தான் இருந்தது. மீதிப் பாதி, குழாய் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையமான ஒரு ஓ-ரிங்கில். எல்லாம் காலியான சிஸ்டம் என்றால் உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தில் நிரப்பி, சோப்பு நுரையோடு தேடுவதுதான் நல்ல முறை. கம்ப்ரசர் காற்றை, அதாவது டயருக்கு அடிக்கிற காற்றை, உள்ளே விடச் சம்மதிக்காதீர்கள். அதோடு ஈரமும் போகும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் ஓட்டையானால் வெளியே எதுவும் தெரியாது. தண்ணீர் வடியும் டியூப் அருகில் எலக்ட்ரானிக் டிடெக்டரை வைத்தால் காட்டிக்கொடுக்கும்.

இப்போது கேஸுக்கு வருவோம். ஆர்-12 என்பது குளோரின் உள்ள சிஎஃப்சி வகை. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. வளர்ந்த நாடுகளில் 1996லிருந்தும் வளரும் நாடுகளில் 2010லிருந்தும் அதன் தயாரிப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. இன்று கிடைப்பது பழைய ஸ்டாக், அல்லது வேறு சிஸ்டத்திலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தது. ஆகவே சிலிண்டரில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. இது பயமுறுத்தல் இல்லை. 2011இல் கப்பல் குளிர்பதனக் கன்டெய்னர்களின் கம்ப்ரசர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். 134ஏ என்று விற்ற கேஸில் மீதைல் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்தால் காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் பொருள் உண்டாகும். நல்ல பட்டறையில் கேஸை அடையாளம் காட்டும் கருவி இருக்கும். இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

உங்கள் கார் ஏற்கனவே மாற்றப்பட்டதா என்பதை ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்யாதீர்கள், போர்ட்டைப் பாருங்கள். மரை வெட்டிய போர்ட் என்றால் ஆர்-12. மரை இல்லாமல், 'டக்' என்று மாட்டும் கப்ளர் பொருந்துகிற வழவழப்பான போர்ட், அதுவும் லோ சைடுக்கு (அழுத்தம் குறைந்த பக்கம்) 13 மில்லிமீட்டர், ஹை சைடுக்கு (அழுத்தம் கூடிய பக்கம்) 16 மில்லிமீட்டர் என்று இரண்டும் வேறு அளவில் இருந்தால் 134ஏ. மரைப் போர்ட்டின் மேல் அடாப்டர் திருகியிருந்தால் உங்களுக்கு முன் யாரோ மாற்றியிருக்கிறார்கள். எவ்வளவு ஒழுங்காக என்பது தெரியாது.

மாற்றலாமா என்ற கேள்விக்கு என் கருத்து: ஆர்-12 நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால் கை வைக்காதீர்கள். உங்கள் விஷயத்தில் அது ஏற்கனவே காலி, எப்படியும் இணைப்புகளைப் பிரிக்கப் போகிறீர்கள். அப்படியானால் 134ஏவுக்கு மாறிவிடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஆர்-12ஐக் காற்றில் திறந்துவிடக் கூடாது, ரிக்கவரி மெஷினில் எடுக்கச் சொல்லுங்கள்.

செய்யவேண்டிய வேலை இவ்வளவுதான். பழைய ஆயிலை முடிந்தவரை வடித்து, குழாய்களையும் கூலிங் காயிலையும் ஃப்ளஷ் செய்யவேண்டும். கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்து வடிக்கவேண்டும், சும்மா வைத்தால் வடியாது. புது ஆயிலாக எஸ்டர் ஆயில் போடச் சொல்லுங்கள். புதுக் கார்களில் பிஏஜி என்ற வேறு வகை ஆயில் இருக்கும், ஆனால் அதற்குப் பழைய சிஸ்டத்தில் தங்கியிருக்கும் குளோரின் எச்சமும் ஈரமும் ஆகாது. எஸ்டர் ஆயில் மூலையில் மிச்சமிருக்கும் மினரல் ஆயிலோடும் அனுசரித்துப் போகும். பிரிக்கிற ஒவ்வொரு இணைப்பிலும் ஓ-ரிங் புதிது, 134ஏவுக்கு ஏற்ற ரப்பரில், இரண்டு சொட்டு ஆயில் தடவி. டிரையர் கட்டாயம் புதிது. ஆர்-12 காலத்து டிரையருக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் 134ஏவுக்கு ஒத்துவராதவை, அதுவும் திறந்து வைத்த டிரையர் ஒரே நாளில் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் அதைக் கடைசியில்தான் பொருத்தவேண்டும்.

ஹோஸ்? எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்பார்கள். 134ஏவின் மூலக்கூறு சின்னது, சாதா ரப்பர் வழியாகக் கசியும் என்பது உண்மை. ஆனால் பல வருடம் ஓடிய ஹோஸின் உள்சுவர் பழைய ஆயிலில் ஊறிப்போயிருக்கும், அதுவே ஓரளவு தடுப்பாகிவிடும். வெடிப்பு, ஈரக்கசிவு இல்லாத ஹோஸை நான் மாற்றவில்லை. கம்ப்ரசரும் அப்படித்தான்: சத்தமில்லாமல் சுற்றி, சீல் கசியாமல் இருந்தால் அதுவே போதும். வடித்த ஆயிலில் உலோகத் தூள் மின்னினால் மட்டும் கதை வேறு. அப்போது கம்ப்ரசரோடு கண்டென்சரும் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தூளை முழுவதும் கழுவி எடுக்க முடியாது.

கண்டென்சரில்தான் கொஞ்சம் யோசிக்கவேண்டும். குளிர்ப்பக்கத்தில் இரண்டு கேஸின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான்: 0 டிகிரியில் ஆர்-12 சுமார் 30 பிஎஸ்ஐ, 134ஏ சுமார் 28. சூடான பக்கத்தில் நிலைமை மாறும். கண்டென்சர் 60 டிகிரிக்குப் போனால் ஆர்-12 சுமார் 206 பிஎஸ்ஐ, 134ஏ 229. அதாவது அதே வெயிலில் கம்ப்ரசர் கூடுதலாகத் தள்ளவேண்டும். ஓடும்போது தெரியாது. சிக்னலில் நிற்கும்போது குளிர் குறையும். பழைய பாம்பு வளைவுக் கண்டென்சருக்குப் பதில் பல குழாய்களில் ஒரே நேரத்தில் கேஸ் ஓடும் பேரலல் ஃப்ளோ வகை போட்டால் இது பெரிதும் சரியாகும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் கண்டென்சர் இடுக்குகளைத் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்து, ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். இதைவிட முக்கியம், உயர் அழுத்தத்தில் கம்ப்ரசரை நிறுத்தும் ஸ்விட்ச். உங்கள் காரில் அது இல்லையென்றால் ஒன்று போட்டுவிடச் சொல்லுங்கள்.

வேக்யூம் விஷயத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். பம்பைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு "முள்ளு இறங்கிடுச்சு" என்பார்கள். முள் இறங்கினால் காற்று வெளியே போனது என்று அர்த்தம், ஈரம் போகவில்லை. தண்ணீரை உள்ளே கொதிக்க வைத்து ஆவியாக்கித்தான் இழுக்கவேண்டும். கேஜில் 29 அங்குல வேக்யூம் இருந்தால் தண்ணீர் சுமார் 25 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்கு நேரம் வேண்டும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஓட்டி, வால்வை மூடி, அரை மணி நேரம் முள் நகர்கிறதா என்று பார்க்கவேண்டும். நகர்ந்தால் திரும்ப முதலிலிருந்து. உள்ளே தங்கிய ஈரம், கூலிங் காயிலுக்குள் கேஸைப் பீய்ச்சும் குறுகலான எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும். ஏசி இருபது நிமிடம் குளிர்ந்து, நின்று, மறுபடி குளிரும். இந்த நோய்க்குக் கேஸ் ஏற்றிக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேஸின் அளவு எடைபோட்டுத்தான். 134ஏ திரவம் ஆர்-12ஐவிட லேசானது, அழுத்தமும் கூடுதல். ஆகவே ஸ்டிக்கரில் உள்ள ஆர்-12 எடையில் 80 முதல் 85 சதவீதம் போதும். 900 கிராம் என்று இருந்தால் 720 முதல் 765 கிராம். வண்டி நிற்கும்போது கேஜைப் பார்த்து "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள். 30 டிகிரியில் 134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 200 கிராம் திரவம் இருந்தாலும் 700 இருந்தாலும் அதே 97தான். பழைய கார்களில் டிரையர் மேலிருக்கும் கண்ணாடியில் நுரை மறையும்வரை ஏற்றும் பழக்கமும் 134ஏவுக்கு ஒத்துவராது. ஆயில் கலந்து பால் போலத் தெரியும், நுரை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போவார்கள்.

நிழலில் முப்பது டிகிரி இருக்கையில், இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் வைத்துப் பார்த்தால் லோ சைடு 30–40, ஹை சைடு 200–250 பிஎஸ்ஐ சுற்றி இருக்கவேண்டும். இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடுதல், அல்லது ஃபேன் சரியில்லை, அல்லது உள்ளே காற்று இருக்கிறது. லோ கூடி ஹை குறைந்தால் கம்ப்ரசர் களைத்துவிட்டது.

யாராவது சமையல் கேஸ் வகை புரொப்பேன், பியூட்டேன் கலவையை "இது இன்னும் நல்லா குளிரும்" என்று சொன்னால் ஓடிவிடுங்கள். குளிரும், உண்மைதான். கூலிங் காயில் ஒருநாள் கசிந்தால் அந்தக் கேஸ் வருவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள். ஓட்டை அடைக்கும் டின்களும் வேண்டாம். அந்தப் பசை பின்னால் ரிக்கவரி மெஷினையே கெடுக்கும் என்பதால் நல்ல பட்டறைகள் உங்கள் காரைத் தொடவே மறுக்கும். வீட்டில் நீங்களே டின்னிலிருந்து ஏற்றுவதானால் கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறக்கவே கூடாது, அழுத்தம் திரும்பி டின்னுக்குள் போய் வெடிக்கும்.

வேலை முடிந்ததும் பழைய ஆர்-12 ஸ்டிக்கரின் மேல் புது லேபிள் ஒட்டச் சொல்லுங்கள்: 134ஏ, எத்தனை கிராம், எஸ்டர் ஆயில், தேதி. என் காரை வாங்கியவர் மூன்று வருடம் கழித்து ஃபோன் செய்து, கண்டென்சரில் கல் அடித்து ஓட்டையாகிவிட்டது, எவ்வளவு கேஸ் ஏற்றணும் என்று கேட்டார். பானட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.