பேட்டரி மோட்டார் சர்க்யூட்டில் 7805 ரெகுலேட்டர் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, ஏன்?

இதே 7805-ஓடு ஒரு வாரம் மல்லுக்கட்டியவன் நான், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்களும் மூன்று லித்தியம் செல்களைத் தொடராகப் போட்டு, அந்த வோல்டேஜை 7805 ஐசியால் 5 வோல்ட்டாகக் குறைத்து, கண்ட்ரோலர், மோட்டார் இரண்டையும் அதிலேயே ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என்னுடையது சின்ன ரோபோ வண்டி. கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் அழகாகச் சுற்றும். தரையில் விட்டால் அரை நிமிடத்தில் நின்றுவிடும், கொஞ்சம் ஆறியதும் தானாகக் கிளம்பும். ஐசி போய்விட்டது என்று இரண்டு தடவை மாற்றினேன். மூன்றாவதும் அப்படியே நின்ற பிறகுதான் மல்டிமீட்டர் வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, மோட்டார் கம்பியில் தொடராக வைத்துப் பார்த்தேன். சும்மா சுற்றும்போது 150 மில்லிஆம்பியர். தரையில் 600. சக்கரத்தை விரலால் அழுத்தி நிறுத்தினால் 1 ஆம்பியரைத் தாண்டிவிட்டது.

7805 மிச்ச வோல்டேஜைச் சூடாகத்தான் கழிக்கும். முழு சார்ஜில் 12.6 உள்ளே, 5 வெளியே, நடுவில் 7.6, அதை 0.6-ஆல் பெருக்குங்கள், நாலரை வாட். ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடு) இல்லாமல் வாட்டுக்கு 50 டிகிரிக்குக் குறையாமல் ஏறும் ஐசி அது. தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, ஆறியதும் திரும்ப வருகிறது.

ஹீட் சிங்க் போட்டால் தீர்ந்தது என்று யாராவது சொல்வார்கள். நானும் போட்டேன். வண்டி நிற்பது குறைந்தது, ஆனால் பேட்டரி தரும் சக்தியில் பாதிக்கு மேல் அப்போதும் சூடாகத்தான் போனது. 7805-ஐக் குறை சொல்லவில்லை, 100 மில்லிஆம்பியர் கேட்கும் கண்ட்ரோலருக்கு அது அருமையான ஐசி.

  

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மோட்டாருக்கு எல்எம்2596 பக் கன்வர்ட்டர் மாட்யூல் (மிச்ச வோல்டேஜை இவ்வளவு சூடாக வீணாக்காமல் குறைப்பது) ஒன்று தனியாகப் போடுங்கள். மோட்டாரை இணைப்பதற்கு முன்பே மாட்யூலில் இருக்கும் திருகைத் திருப்பி 5 வோல்ட் வைத்துவிடுங்கள். கண்ட்ரோலர் மட்டும் 7805-இல் இருக்கட்டும், கிரவுண்ட் (மைனஸ் கம்பி) இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அப்புறம் மோட்டார் கிளப்பும் மின் இரைச்சலைக் குறைக்க, அதன் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று. இதெல்லாம் வாங்குவதற்கு முன் சக்கரத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்தி ஆம்பியரைப் பாருங்கள். 3-ஐ நெருங்கினால் இந்த மாட்யூலும் போதாது, பெரியதாக வாங்க வேண்டியிருக்கும்.