வறட்சியைத் தாங்கும் மரபணு கண்டுபிடிப்பு என்று செய்தி வருகிறது, விதை ஏன் வருவதில்லை?

கேள்வி: "வறட்சியைத் தாங்கும் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வருடத்துக்கு நாலு முறையாவது செய்தி வருகிறது. அப்படி ஒரு விதை வயலுக்கு வந்ததாகத் தெரியவில்லையே, ஏன்?"

அந்தச் செய்திகளோடு ஒரு படம் வரும், கவனித்திருப்பீர்கள். இடப்பக்கத் தொட்டியில் செடி வாடி வதங்கித் தொங்கும். வலப்பக்கத் தொட்டியில் அதே வயதுச் செடி பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நிற்கும். அப்படி ஒரு படத்தை நானும் எடுத்திருக்கிறேன். அதனால் பதில் சொல்லும் கடமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பயிர் நெல். வறட்சி வந்ததும் செடிக்குள் பல மரபணுக்களை ஒரே சமயத்தில் முடுக்கிவிடுகிற 'ஸ்விட்ச்' மரபணுக்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்து, எந்நேரமும் ஓயாமல் வேலை செய்யும்படி மாற்றி, நெல்லுக்குள்ளேயே திரும்பச் செலுத்தினோம். செடிகள் வளர்ந்தன. தண்ணீரை நிறுத்தினோம். இரண்டு வாரத்தில் சாதாரணச் செடிகள் சுருண்டு விழுந்தன, எங்களுடையவை நின்றன. மறுபடி தண்ணீர் ஊற்றியபோது அவை மட்டும்தான் துளிர்த்தன. படம் எடுத்து வீட்டுக்கெல்லாம் அனுப்பினேன். கட்டுரையும் எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியாயிற்று.

திரும்பி வந்த மதிப்பீட்டில் ஒரு வரி இருந்தது. தொட்டி மண்ணில் எந்த நாளில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று அளந்தீர்களா?

அளக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து விதைத்து, இந்த முறை தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியையும் தராசில் வைத்து எடை குறித்தேன். ஒரு வாரத்திலேயே சாயம் வெளுத்துவிட்டது. எங்கள் செடிகள் குட்டை. தூர் குறைவு, இலையும் சிறிது. சிறிய செடி குறைவாகத்தான் குடிக்கும், ஆகவே அதன் தொட்டியில் மண் மெதுவாகத்தான் காயும். சாதாரணச் செடியின் மண் பொரிந்து கிடந்த நாளில் எங்கள் செடியின் வேர் இன்னும் ஈரத்தில்தான் இருந்தது. அது வறட்சியைத் தாங்கவில்லை, வறட்சியைப் பார்க்கவே இல்லை.

பிறகு இரண்டு வகைச் செடியையும் ஒரே தொட்டியில் அக்கம்பக்கமாக நட்டுப் பார்த்தோம். இரண்டுக்கும் ஒரே மண், ஒரே ஈரம். வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போயிற்று. நல்ல தண்ணீரில் வளர்த்தபோது எங்கள் செடிகள் கொடுத்த நெல்மணி சாதாரணச் செடியைவிடக் குறைவு என்பது இன்னொரு அடி. இந்தத் தவறு என்னோடு பிறந்ததும் இல்லை, என்னோடு போனதும் இல்லை. துறையில் எல்லோருக்கும் தெரிந்த பழைய குழி இது. அப்படியிருந்தும் வருடாவருடம் புதிதாக யாராவது விழுகிறோம், ஏனென்றால் அந்தப் படம் அவ்வளவு அழகாக இருக்கும்.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது. உயிர் பிழைப்பது ஒன்று, விளைவது வேறொன்று. ஆய்வகத்தில் நாம் அளப்பது பெரும்பாலும் முதலாவதை.

இலையில் இருக்கும் நுண்ணிய இலைத்துளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆவியாகி வெளியே போவதும் கரியமில வாயு உள்ளே வருவதும் அதே வாசல் வழியாகத்தான். மண் காய்ந்தால் செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும், அது இந்த வாசலைச் சாத்திவிடும். தண்ணீர் மிஞ்சும். கூடவே மாவுச்சத்து தயாரிப்பதற்கான கச்சாப்பொருளின் வரத்தும் நின்றுபோகும். ஆவியாதல் நின்றால் இலை சூடாகவும் செய்யும். காட்டுச் செடிக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகும், நாலு விதை விழுந்தால் அதன் வம்சம் பிழைத்துக்கொள்ளும். விவசாயிக்கு நாலு விதை போதுமா? வறட்சி தாங்குவதாகச் சொல்லப்படும் மரபணுக்களில் நிறைய இந்த வாசலைச் சீக்கிரம் சாத்துகிற வேலையைத்தான் செய்கின்றன. மழை ஓரளவு பெய்த வருடத்திலும் அவை சாத்திக்கொண்டே இருந்தால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

பருவமும் முக்கியம். தொட்டிச் சோதனைகள் பெரும்பாலும் நாற்றுப் பருவத்தில் நடக்கும், அப்போதுதான் மூன்று வாரத்தில் முடிவு கிடைக்கும். நெல்லை உண்மையில் கொல்வது பூக்கும் சமயத்தில் வரும் வறட்சி. கதிர் உறையை விட்டு முழுதாக வெளியே வராது, மகரந்தம் மலடாகும், மணி பிடிக்காமல் பதராகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். இதை எந்த நாற்றுப் படமும் காட்டாது.

ஸ்விட்சை ஓயாமல் போட்டு வைத்தால் செடி குட்டையாகும் என்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய சேதி. ஜப்பானில் கசுவோ ஷினோசாகி, கசுகோ யமகுச்சி-ஷினோசாகி ஆகியோரின் குழு 1999-லேயே அதைக் காட்டிவிட்டது. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் டிரெப்1ஏ என்ற ஸ்விட்ச் மரபணுவை ஒரு வைரஸின் புரமோட்டரோடு (ஒரு மரபணு எப்போது இயங்க வேண்டும் என்று சொல்லும் டிஎன்ஏ பகுதி) சேர்த்து எந்நேரமும் இயங்க வைத்தபோது செடி குறுகிப்போனது. வறட்சி வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் ஆர்டி29ஏ புரமோட்டரோடு சேர்த்தபோது வளர்ச்சி பெரிதாகக் கெடவில்லை, தாங்கும் திறனும் கிடைத்தது. அந்தக் கட்டுரையை நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம், மேற்கோள்கூடக் காட்டியிருந்தோம். ஆனாலும் கையில் தயாராக இருந்தது வைரஸ் புரமோட்டர்தான். ஆய்வகத்தில் பல முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

அப்படியானால் எதுவுமே வயலுக்கு வரவில்லையா என்றால், வந்தது. வறட்சிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வந்தது.

ஒடிசாவில் எஃப்ஆர்13ஏ என்று ஒரு பழைய நெல் ரகம். முழுதாக மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும். சாதாரண நெல் மூழ்கினால் பதறிப்போய் மேலே நீள முயலும், கையிருப்புச் சர்க்கரையையெல்லாம் அதில் செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாயும். எஃப்ஆர்13ஏ வளர்ச்சியை நிறுத்தி, மூச்சடக்கிச் சும்மா இருக்கும். இந்தக் குணம் ஒன்பதாவது குரோமோசோமில் ஓர் இடத்தில் இருக்கிறது என்று 1996-இல் கெனாங் சூவும் டேவிட் மெக்கிலும் காட்டினார்கள். பமேலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோரும் சேர்ந்து உழைத்ததில் 2006-இல் அந்த மரபணு கையில் கிடைத்தது. பெயர் சப்1ஏ. ஜிப்பரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சொல்வதைச் செடி கேட்காதபடி செய்து, நீளும் அவசரத்தை அடக்குகிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருவது. அதற்கு முன்பும் எஃப்ஆர்13ஏ-யை மற்ற ரகங்களோடு கலப்பு செய்து பார்த்தவர்கள் உண்டு. வெள்ளம் தாங்கும் குணத்தோடு பழைய ரகத்தின் வேண்டாத குணங்களும் சேர்ந்தே வந்துவிடும், விவசாயிகள் ஏற்கவில்லை. மரபணு எங்கே என்று துல்லியமாகத் தெரிந்த பிறகு, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஎன்ஏ குறியீடுகளைப் பார்த்துப் பார்த்துப் பின்கலப்பு செய்து (அதாவது கலப்பில் பிறந்த செடியைத் திரும்பத் திரும்ப மூல ரகத்தோடேயே கலந்து), அந்தச் சிறு துண்டை மட்டும் ஸ்வர்ணா என்ற பிரபலமான ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2009-இல் ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் வெளியானது. ஒடிசா வயல்களில் நடந்த ஆய்வில், பத்து நாள் மூழ்கிய நிலத்தில் அது ஸ்வர்ணாவைவிடச் சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராத வருடத்தில் ஸ்வர்ணா மாதிரியே விளையும். விதை பரவியதற்கு இந்த இரண்டாவது குணமே பெரிய காரணம் என்பது என் கட்சி. வெள்ளம் வந்தால்தான் லாபம், வராவிட்டால் நஷ்டம் என்றால் அதை யார் வாங்குவார்கள்?

இங்கே ஒரு வேடிக்கை. ஆழ்நீர் நெல் வகைகள் இதற்கு நேர்மாறானவை. தண்ணீர் ஏற ஏற ஒரு நாளைக்கு ஒரு சாண்கூட நீண்டு தலையை வெளியே வைத்துக்கொள்ளும். அந்தக் குணத்துக்குக் காரணமான ஸ்நார்க்கல் மரபணுக்களை 2009-இல் மோட்டோயுகி அஷிகாரியின் ஜப்பானியக் குழு கண்டுபிடித்தது. சப்1ஏ-யும் ஸ்நார்க்கலும் ஒரே குடும்பம், எத்திலின் வாயுவுக்குப் பதில் சொல்லும் மரபணுக்கள். ஒன்று சும்மா இரு என்கிறது, மற்றது ஓடு என்கிறது. நாலு நாளில் வடியும் வெள்ளத்தில் நீளுகிற செடி வீண், மாதக்கணக்கில் நிற்கும் தண்ணீரில் சும்மா இருக்கிற செடி செத்துப்போகும். எது நல்ல மரபணு என்பதை அந்த நிலத்துத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது.

மூழ்கல் ஒப்பீட்டளவில் எளிமையான துன்பம். செடி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது அல்லது இல்லை. வறட்சி அப்படியில்லை. விதைத்த உடனே வருவது, நடுவில் பத்து நாள் வந்து போவது, கதிர் வெளிவரும்போது வருவது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். யூசாகு உகாவின் குழு 2013-இல் வெளியிட்ட டிரோ1 மரபணு நல்ல உதாரணம். பிலிப்பைன்ஸின் மானாவாரி நெல் ஒன்றிலிருந்து எடுத்த அந்த மரபணு வடிவத்தை ஐஆர்64 ரகத்தில் சேர்த்தபோது, பக்கவாட்டில் படர்ந்த வேர் செங்குத்தாகக் கீழே இறங்கியது, வறட்சியிலும் மணி பிடித்தது. அருமையான வேலை. ஆனால் கீழே ஈரம் இருந்தால்தான் இறங்கிய வேருக்குக் கிடைக்கும். அடியில் கெட்டிப்பட்ட மண் என்றால் வேர் போகவே வழியில்லை.

சல்லடை எவ்வளவு இறுக்கமானது என்று தெரிய வேண்டுமானால் கோர்டேவா என்ற விதை நிறுவனம் மக்காச்சோளத்தில் செய்ததைப் பாருங்கள். விளைச்சல், வறட்சி, நைட்ரஜன் பயன்பாடு ஆகியவற்றுக்காக 2000 முதல் 2018 வரை ஏறத்தாழ 1,671 மரபணுக்களை வயலில் சோதித்தார்கள். உறுதியாகத் தேறியவை என்று அவர்களே பட்டியலிட்டது 22. என் ஒற்றை மரபணுவுக்கு நான் கட்டிய கோட்டையை நினைத்தால் இப்போது சிரிப்புதான் வருகிறது.

மரபணு மாற்றிய பயிரில் வறட்சிக்கென்றே வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு மண் பாக்டீரியா திடீர்க் குளிரைச் சமாளிக்க உதவும் மரபணுவைச் சுமந்த மக்காச்சோளத்துக்கு 2011-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சூரியகாந்தி மரபணு சேர்த்த எச்பி4 கோதுமைக்கு 2020-இல் அர்ஜென்டினா. அதன் பின்னால் இருப்பது அந்நாட்டு ஆய்வாளர் ராகேல் சானின் பல வருட உழைப்பு. எந்தப் பரபரப்பும் இல்லாமல் வந்தது ஒன்று உண்டு. 2010-இல் இந்தியாவில் வெளியான 'சஹ்பாகி தான்' என்ற நெல் ரகம். அதில் புதிதாகச் செருகிய மரபணு எதுவும் கிடையாது. வயலில் வேண்டுமென்றே வறட்சியை உண்டாக்கி, எது அதிகம் விளைகிறதோ அதையே தேர்ந்தெடுக்கும் வழியில் வந்த ரகம். வாடுகிறதா, இலை சுருள்கிறதா என்று பார்ப்பதைவிட நெல்லை அளந்து பார் என்கிற இந்த வழிக்கு இன்னும் மரியாதை கொடுத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது, செடியின் சொந்த மரபணுவையே திருத்துகிற ஜீன் எடிட்டிங் பற்றியாகத்தான் இருக்கும். 2025 மே மாதம் இந்தியா அறிவித்த இரண்டு எடிட் செய்த நெல் ரகங்களில் ஒன்றான பூசா டிஎஸ்டி ரைஸ் 1 இந்த வகைதான். எம்டியு1010 ரகத்தில் டிஎஸ்டி என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். அந்த மரபணு இலைத்துளைகளோடு தொடர்புள்ளது. நான் மேலே குறை சொன்ன அதே வாசல். ஆகவே நல்ல மழை பெய்த வருடங்களில் அது எப்படி விளைகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அங்கேயும் சோடை போகவில்லை என்றால் என் சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எடிட்டிங்கால் செடியை உருவாக்கும் காலம் குறையும். வயலில் சோதிக்கும் காலம் குறையாது. ஒரு போகத்துக்கு ஒரு முறைதான் பூக்கும் பருவம் வரும். அந்த நேரம் பார்த்து வானம் காய வேண்டும். எங்கள் ஆய்வில் மிஞ்சிய இரண்டு வரிசைச் செடிகளை ஒரு தடவை வயலுக்குக் கொண்டுபோனோம். பூக்க ஒரு வாரம் இருக்கும்போது தண்ணீரை வடித்துவிட்டுக் காத்திருந்தோம். ஐந்தாம் நாள் இரவு மழை கொட்டியது. மழை மறைப்புக் கூரை வாங்க எங்களிடம் பணம் இல்லை. ஊரெல்லாம் மழைக்குச் சந்தோஷப்பட்டபோது நாங்கள் மூன்று பேர் மட்டும் ஈர வரப்பில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம்.